பசுமாட்டுக் கதைக்கு மேல் போகாத புத்தகம்

மகனே,

பெங்களூரிலிருந்து நீ எழுதியது வந்து சேர்ந்தது. கல்யாண வேலைகளைப் பற்றி நான்கு வரிதான் இருந்தது. மிச்சமெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றி. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு நீ வாங்கிக் கொடுத்த புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் முடிக்கவில்லை, கேட்டால் சிரிக்கிறாள், பாதியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறாள் என்று வரிசையாகக் குற்றம் எழுதியிருக்கிறாய். கடைசியில், 'எடுத்ததை முடிக்காத சுபாவமோ என்று சந்தேகமாக இருக்கிறது அம்மா, நீ என்ன நினைக்கிறாய்?' என்று ஒரு கேள்வி. நான் நினைப்பதைச் சொல்கிறேன். எனக்குச் சந்தேகம் அவள்மேல் இல்லை, உன்மேல்தான். நீ கொடுத்தவற்றை நீ முடித்திருக்கிறாயா? உன் அலமாரியைத் தூசி தட்டுகிறவள் நான். எந்தப் புத்தகம் எந்த இடம்வரைக்கும் திறந்து திறந்து தளர்ந்திருக்கிறது, எங்கேயிருந்து கடையில் வாங்கிய விறைப்போடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதிலும் நீ எல்லாரிடமும் உயர்த்திப் பேசுகிற அந்தத் தடித்த புத்தகம், முதல் கால்வாசிக்கு அப்பால் இன்றைக்கும் புதுசு. அதைத்தான் அவளுக்கும் வாங்கிக் கொடுத்தாயோ என்று நினைக்கிறேன்.

புத்தகம் முடிப்பவர்கள் என்று பேர் வாங்கியவர்களை நான் லேசில் நம்புவதில்லை. இந்தச் சந்தேகம் எனக்கு வயதானதால் வந்ததல்ல. பதினைந்து வயதில், திருத்தணியில், எஸ்.எஸ்.எல்.சி.க்கு முந்தின வகுப்பான ஐந்தாவது ஃபாரம் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அதற்குக் காரணம் உன் அப்பாவும், அவரை வளர்த்த அவருடைய பெரியப்பாவும், மாடு வாங்கிய ஒரு விதவையும். அந்தக் கதையை உனக்கு யாரும் முழுசாகச் சொன்னதில்லை. உன் அப்பா சொன்னால் அவருக்குச் சௌகரியமான இடத்தில் நிறுத்திவிடுவார். நான் சொல்கிறேன். இதை நீ அந்தப் பெண்ணிடம் காட்டலாம், உன் அறையில் இருப்பவர்களிடமும் காட்டலாம். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

என் நைனாவுக்கு மலையடிவாரத்தில் கடை. தேங்காய், கற்பூரம், விபூதி, வெற்றிலை. நைனா தட்டிப் பார்க்காமல் எதையும் உள்ளே எடுக்க மாட்டார். ஒவ்வொரு தேங்காயையும் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டுவார். மனிதர்களையும் அப்படித்தான், ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் காதுகொடுத்துக் கேட்பார், வார்த்தையை அல்ல, சத்தத்தை. எனக்கு அந்தக் குணம் வந்துவிட்டது. எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தெலுங்குக்குத்தான் செல்வாக்கு. தமிழில் ஒரு முழுப் புத்தகம் கைக்குக் கிடைப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்ததெல்லாம் விபூதி மடிக்கக் கடைக்கு வரும் பழைய தாள்கள். எடைக்கு வாங்கிய பத்திரிகைகள், யாரோ கிழித்துப் போட்ட நாவல்கள். பொட்டலம் மடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் நான் படித்துவிடுவேன். ஒரு தாளில் கதாநாயகி கிணற்றடியில் நின்று அழுவாள், அடுத்த தாள் சோப்பு விளம்பரமாக இருக்கும். அவள் ஏன் அழுதாள், குதித்தாளா, திரும்பி வீட்டுக்குப் போனாளா, எதுவும் தெரியாது. புட்டூரிலிருந்து வந்த பக்தர் ஒருவர் அவளை விபூதியோடு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறிவிடுவார். முடிவு தெரியாத கதைகளாகவே படித்து வளர்ந்தவள் நான். அட்டையிலிருந்து அட்டைவரைக்கும் உள்ள ஒரு புத்தகம் கிடைத்தால் அதை விடவே கூடாது, முடித்தே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள். முடிக்கத் தெரியாதவள் சொல்கிற கதை அல்ல இது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆனி மாசக் கடைசியில், அரக்கோணத்திலிருந்து அந்தப் பெரியப்பா, உனக்குப் பெரிய தாத்தா, வந்தார். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உன் அப்பாவுக்கு அதே ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மாப்பிள்ளை வரவில்லை, அவர் மட்டும் வந்தார். என்னைப் பார்த்தார், ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்றார், அம்மா வைத்த தோசையில் எண்ணெய் அதிகம் என்றார். பிறகு நைனாவிடம் சொன்னார்: "பொண்ணு பள்ளிக்கூடம் போய்கினு இருக்குதாமே. நல்லதுதான். ஆனா படிக்கிறது வேற, படிச்சு முடிக்கிறது வேற. எங்க வீட்டுல ஆரம்பிச்சதைப் பாதியில விடற பழக்கம் கெடையாதுங்க."

"எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க," என்றார் நைனா. "வண்டியில வந்த தேங்காய பாதி எறக்கிட்டு விட முடியுமா?"

தாத்தா அந்தப் பதிலை ரசிக்கவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வெற்றிலைத் தட்டில் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். செங்கல் அளவு கனம். "இது எங்க பையனோட புஸ்தகம். இல்லறத்துல எப்படி நடந்துக்கணும்னு எல்லாம் இதுல இருக்குது. அவன் மூணு வாட்டி படிச்சிட்டான். பொண்ணு இதை முடிக்கட்டும். ஆவணியில வந்து பாக்கறேன். முடிச்சிருந்தா படிக்கற பொண்ணுதான்னு ஒத்துக்கறேன். பெரிய பரீட்சை எழுதற வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளி வச்சுக்கலாம். முடிக்கலன்னா மேல படிப்பு எதுக்கு? தையிலயே முகூர்த்தம் வச்சுடலாம்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டேன். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசை கிடையாது. எங்கள் தெருவில் அதுவரைக்கும் ஒரு பெண்ணும் அதை எழுதியதில்லை. ஒவ்வொரு வருஷமும் எங்கள் பெஞ்சிலிருந்து ஒருத்தி குறைவாள். நைனா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே 'வரன் வர வரைக்கும்' என்ற பேச்சில்தான். இப்போது ஒரு புத்தகம் படித்தால் பள்ளிக்கூடம் நிலைக்கும் என்கிறார்கள்! இதைவிடச் சுலபமான பேரம் உண்டா? அன்று சாயங்காலமே மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன்.

அந்தப் புத்தகத்தை எப்படி வர்ணிப்பது? ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதலில் ஒரு நீதி வரும். பிறகு அந்த நீதியை நிரூபிக்க ஒரு கதை. பிறகு கதை புரியாதவர்களுக்காக அதே நீதி மறுபடியும். விடியுமுன் எழாதவன் வியாபாரத்தில் நொடித்துப்போனான். பல்லைச் சரியாகத் துலக்காதவனுக்குக் கண் போயிற்று. மாமியார் சொன்னதற்கு 'ஆனால்' என்று ஒரு வார்த்தை சொன்ன மருமகள் அடுத்த பக்கத்திலேயே விஷக் காய்ச்சலில் படுத்தாள். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் தாளைத் திருப்பின பிறகுதான் முடியும். அதற்குள் எழுவாய் யார் என்று மறந்துவிடும். நான் சளைக்கவில்லை. உட்கார்ந்து படித்தால் தூக்கம் வருகிறது என்று நின்றுகொண்டு படித்தேன். மனசுக்குள் படித்தால் நழுவுகிறது என்று உரக்கப் படித்தேன். ஒரு அத்தியாயம் முடித்தால் ஒரு துண்டு வெல்லம் என்று எனக்கு நானே கூலி வைத்தேன். வெல்லத்தைத் தின்றுவிட்டு அத்தியாயத்தை நாளைக்கு என்று தள்ளினேன். ரேஷன் வெல்லம். அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு எறும்பின்மேல் சந்தேகப்பட்டாள்.

அப்படியே தத்தித் தத்தி, ஒரு விதவை பிடி அரிசி சேமித்து மாடு வாங்குகிற கதைக்கு வந்தேன். அந்த மாடு கன்று போடுவதற்கு முந்தின நாள்வரைக்கும் குடம் குடமாகக் கறந்ததாம். உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா எங்கள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டு, "எந்த ஊரு மாடுடி அது?" என்றாள். "சினை மாட்டை அதுவரைக்கும் எவளாவது கறப்பாளா? இத எழுதினவன் மாட்ட எட்ட நின்னு பாத்திருப்பான்." அதோடு எனக்கு எழுதியவர்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. இவர் மாட்டைப் பற்றிச் சொல்வதே பொய்யென்றால் மருமகளைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது?

பக்கத்தைத் திருப்பப் போனேன். திருப்ப முடியவில்லை.

உனக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் சில புத்தகங்களைப் பக்க ஓரம் வெட்டாமலேயே விற்பார்கள். பெரிய தாளை மடித்துத் தைத்திருப்பார்கள். மேல் ஓரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். வாங்குகிறவர்தான் மடிப்பைக் கத்தியால் அறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். இந்தப் புத்தகத்தில் மாட்டுக் கதைக்கு அப்பால் ஒரு மடிப்பும் அறுபடவில்லை. மூன்று முறை படித்த புத்தகமாம்! திரும்பவும் முதலிலிருந்து ஓரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் சில மடிப்புகள் சவர பிளேடால் அறுத்தவை. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. அதற்கப்புறம் வந்தவை மொண்ணையாக, பஞ்சு பிரிந்தாற்போல் இருந்தன. ரயில் டிக்கெட் மாதிரி ஏதோ தடித்த அட்டையை விட்டு இழுத்திருக்கிறார்கள். அப்புறம் வந்தவற்றில் விரலை விட்டே கிழித்திருந்தது. ஓரம் பல்லுப் பல்லாக நின்றது. ஒரு இடத்தில் கிழிசல் எழுத்துக்குள்ளேயே போயிருந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. முகம் தெரியாத ஒரு ஆள் நாளுக்கு நாள் சலித்துப்போனதை அந்த ஓரங்களில் நான் பார்த்தேன். கடைசியில் அவர் நின்ற இடத்தில்தான் நானும் நின்றிருந்தேன்.

உடனே எனக்குப் பாவமாக இருந்தது என்று நினைக்காதே. கோபம் வந்தது. படிக்காததைப் படித்தேன் என்று சொல்கிற மனிதனுக்கா என்னைக் கொடுக்கப் போகிறார்கள்? கோபம் தணிந்ததும் அதைவிடப் பெரிய சந்தேகம் வந்தது. யாராலும் முடிக்க முடியாத புத்தகம் என்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்களோ? பெரியவர் நல்லவர் மாதிரிப் பேசி, தையில் கல்யாணத்தை முடிக்க இப்படி ஒரு தந்திரம் செய்தாரோ? பெரியப்பாவும் பிள்ளையும் சேர்ந்து, 'இதைக் கொடுத்தால் போதும், அவளே தோற்றுவிடுவாள்' என்று அரக்கோணத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்களோ? நினைக்க நினைக்க எனக்கு உறுதியாகிவிட்டது. ஆகவே மடிப்பை நான் அறுக்கவில்லை. அறுத்தால் சாட்சி போய்விடும் அல்லவா? ஆடி முழுக்க அந்தப் புத்தகத்தைச் சாட்சிப் பொருள் மாதிரி பாதுகாத்தேன். சில நாள் மடிப்பைக் குழாய் மாதிரி வளைத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பேன். 'ஆகையினால் பெண்களே' என்று ஒரு பக்கத்தில் தெரிந்தது. கண்ணை எடுத்துவிட்டேன். சாட்சியைக் காக்கிறேன் என்பது படிக்காமலிருக்க நானே கண்டுபிடித்த சாக்கோ என்று என்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தை மட்டும் நான் மேலே விசாரிக்கவில்லை.

நைனாவிடம் காட்டினேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து கடையில் மூச்சுவிட நேரம் கிடைத்த மத்தியானம். அவர் ஓரங்களைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அட்டையை விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக்கொண்டார். "முத்தலாத்தான் இருக்குது. தண்ணி வத்திப்போச்சு," என்றார்.

"அவங்க படிக்கலை நைனா. பொய் சொல்லியிருக்காங்க."

"சரி. அவன் படிக்கலன்னா அவனையா பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்தப் போறாங்க? ஒன்னத்தான. அத யோசி."

இதைத்தான் உனக்கும் சொல்ல நினைக்கிறேன். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு 'முடித்தாயா' என்று கேட்கிறவனுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. பதில் சொல்ல வேண்டியவளுக்குத்தான் ஏதாவது ஒன்று போகும். அதனால் அவள் பொய் சொல்லத்தான் பார்ப்பாள். அந்தப் பெண் பொய் சொல்லாமல் சிரிக்கிறாள் என்றால் அவள் உன்னை எவ்வளவு நம்புகிறாள் என்று நீ யோசித்திருக்க வேண்டும். நீயோ அதைக் குற்றமாக எழுதியிருக்கிறாய். முடித்தாயா என்று கேட்காதே, எந்த இடத்தில் வைத்தாய் என்று கேள். ஒருத்தர் புத்தகத்தை மூடிய இடம் தெரிந்தால் அவரைப் பாதி தெரிந்துகொண்ட மாதிரி. முடித்துவிட்டேன் என்கிற பதிலில் ஒன்றும் தெரியாது, மெய்யாக முடித்திருந்தாலும்கூட.

ஆவணியில் அவர்கள் வருகிற நாள் வந்தது. இந்த முறை உன் அப்பாவும் வருகிறார் என்று தகவல். நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். பெரியவர் கேட்டதும் புத்தகத்தைக் கொண்டுபோய் மூடிய மடிப்புகளை அவர் முன்னால் விரித்துக் காட்டி, 'உங்கள் பிள்ளை எப்படிப் படித்தார் என்று சொன்னால் நானும் அப்படியே படிக்கிறேன்' என்று சொல்வதாக இருந்தேன். கிணற்றடியில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். தலை பின்னிக்கொண்டு சமையலறைக்கு வந்தால், அம்மா அருவாமணைமுன் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நறுக்கிய கத்தரிக்காய். மடியில் புத்தகம். கடைசி மடிப்பை அருவாமணையில் கொடுத்து 'சரக்'கென்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! இன்னா பண்ணிட்ட!"

"கத்தாதடி. பாதி புஸ்தகம் ஒட்டிகினு கெடந்துது. இப்படியே கொண்டுபோய்க் குடுத்தா தொறந்துகூட பாக்கலன்னு சொல்ல மாட்டாங்க? பிரிச்சு வுட்டிருக்கேன். படிச்ச மாதிரி இருக்கட்டும்." ஊதிக் காகிதத் தூளைத் தட்டினாள். விரலில் இருந்த மஞ்சள் ஓரங்களிலெல்லாம் பட்டிருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஒரு மாதம் காப்பாற்றிய சாட்சியைக் கத்தரிக்காயோடு சேர்த்து அறுத்துவிட்டு, எனக்கு உதவி செய்த திருப்தியில் உட்கார்ந்திருந்தாள். அவளை என்ன சொல்வது? வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது.

எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். உன் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யர் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்க்க நினைத்தது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது போல் இருந்தது. பெரியவர் புத்தகத்தை வாங்கினார். திறக்கவில்லை. மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் சீட்டுக்கட்டு மாதிரி வருடினார். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சம்பந்தி! கடைசி வரைக்கும் மஞ்சக் கை பட்டிருக்குது. முடிச்சிருக்குது பொண்ணு. நான் சொன்னா சொன்னதுதான். பரீட்சை எழுதட்டும், அப்புறம் முகூர்த்தம் பாக்கலாம்."

அவ்வளவுதான். நான் வாயே திறக்கவில்லை, பள்ளிக்கூடம் என் கைக்கு வந்துவிட்டது. சமையலறைக் கதவருகே அம்மா நிமிர்ந்து நின்றாள். நைனா என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சத்தம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் பேசவில்லை. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். அப்போதுதான் உன் அப்பாவின் குரலை முதல்முதலாகக் கேட்டேன். "ஒண்ணு கேக்கலாமாங்க? அந்தம்மா மாடு வாங்கினாங்களே, அப்புறம் அந்த மாடு என்ன ஆச்சு?"

எனக்கு உடம்பெல்லாம் உஷாராகிவிட்டது. இவர் எதற்குக் கேட்கிறார்? என்னை மாட்டிவிடவா? பெரியப்பா முன்னால் படித்தவர் மாதிரி நடிக்கவா? மெய்யாகவே தெரிந்துகொள்ளவா? ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். இவர் அதற்கு மேல் படிக்கவில்லை. நான் என்ன சொன்னாலும் இவரால் தவறு கண்டுபிடிக்க முடியாது. மாடு இரட்டைக் கன்று போட்டது என்று சொல்லலாம், குளத்தில் விழுந்து செத்தது என்று சொல்லலாம். நாக்கு நுனிக்கு வந்த பதில் அது இல்லை. "மூணு வாட்டி படிச்சவங்களுக்கு மறந்தா போகும்?" என்றேன்.

"ஏய்!" என்று அம்மா பல்லைக் கடித்தாள். உன் அப்பாவின் காது சிவந்தது. "படிச்சாத்தானேங்க மறக்கறதுக்கு," என்றார்.

"இன்னாடா சொல்ற?" என்று பெரியவர் திரும்பினார்.

"மூணு வாட்டி நீங்க கேட்டீங்க பெரியப்பா. மூணு வாட்டியும் 'ஆங், ஆச்சு'ன்னேன். அவ்வளவுதான். மாட்டுக்கு மேல என்னால போக முடியல."

நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி மறைத்துக்கொண்டார். பெரியவர் சிரிக்கவில்லை. மோசம் போன மனிதரின் முகம் அது. தந்திரம் செய்தவரின் முகமல்ல என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் தம் பிள்ளையை முழுசாக நம்பியிருந்திருக்கிறார். அந்த முகத்தோடு என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. நீயாவது முடிச்சியா, இல்லியா?"

'முடிச்சேன்' என்றால் பள்ளிக்கூடம். ஒரே வார்த்தை. ஆனால் உன் அப்பா தம்மை வளர்த்தவர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இப்போது நான் பொய் சொன்னால், காலம் முழுக்க அந்த வீட்டில் சந்தேகப்பட வேண்டிய ஆள் நானாகிவிடுவேன். அவர் என் ஒவ்வொரு பேச்சையும் தட்டித் தட்டிப் பார்ப்பார். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "இல்லீங்க. நானும் மாட்டோட நின்னுட்டேன். மிச்சத்த அறுத்தது எங்கம்மா," என்றேன்.

பெரியவர் புத்தகத்தைத் தட்டில் வைத்தார். "அப்ப தைதான்," என்று எழுந்தார்.

என் கண்ணில் தண்ணீர் முட்டியது. நைனா எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க சம்பந்தி, காபி வருது. ரெண்டு பேரும் முடிக்கல, ஒத்துக்கறேன். அந்த மாடு என்னதான் ஆச்சு? நீங்களாவது சொல்லிட்டுப் போங்க. எனக்கும் தெரியாம மண்டை காயுது."

பெரியவர் மூக்குக்கண்ணாடியை எடுத்தார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். "நான் சொல்றதவிட புஸ்தகத்துலயே கேளுங்க," என்று மாட்டுக் கதையைத் தேடிப் பிடித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். ஆபீசில் உத்தரவு படித்துப் பழகிய குரல், முதல் பக்கம் கம்பீரமாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சு போதாமல் நின்று, மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தார். மாட்டைக் காணோம். சிக்கனத்தின் சிறப்பு வந்தது, அப்புறம் சோம்பலின் கேடு வந்தது. காபியில் ஆடை கட்டியது. "மாடு எங்க போச்சு?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். நைனாவின் தலை மார்பில் சாய்ந்துவிட்டது. உன் அப்பா கொட்டாவியை மூக்கு வழியாக விட்டார். நான் மட்டும் பெரியவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பக்கத்தைத் திருப்புகிற மாதிரி இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துத் திருப்பினார். தலையை நிமிர்த்தினபோது நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றினார். "ரயிலுக்கு நேரமாச்சு," என்றார்.

நைனா கண்ணைத் திறந்தார். "இன்னா சம்பந்தி, ஆரம்பிச்சத பாதியில வுட்டுட்டுப் போறீங்களே?"

அந்த நிமிஷம் எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். பெரியவர் நைனாவை முறைத்துப் பார்த்தார். பிறகு ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். வாசல்வரைக்கும் போனார். திரும்பாமல், கதவு நிலையைப் பார்த்துக் கேட்டார்: "பரீட்சை எப்ப?"

"இந்த மார்ச் இல்லீங்க, அடுத்த மார்ச்," என்றேன்.

"ம். அதுக்கப்புறம் வர வைகாசியில பாத்துக்கலாம்." வண்டியில் ஏறினார். உன் அப்பா பின்னால் போனார்.

உன் அப்பா அந்தக் கேள்வியை ஏன் கேட்டார் என்று இத்தனை வருஷத்தில் பலமுறை கேட்டுவிட்டேன். 'உண்மையிலேயே மாடு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான்' என்று ஒருமுறை சொன்னார். 'உன்னைப் பேச வைக்க' என்று ஒருமுறை. 'பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்ல ஒரு வழி தேடினேன்' என்று ஒருமுறை. கல்யாணம் சீக்கிரம் நடக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும் என்று நான் சொன்னால் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். நான் எந்தப் பதிலையும் முழுசாக நம்பவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் ஒரு புத்தகத்தை முடித்தேன் என்று சொன்னால் முடித்திருப்பார், பாதியில் வைத்தேன் என்றால் எந்தப் பக்கம் என்று சொல்வார். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பாதியில் வைத்த புத்தகங்கள் நிறைய. அவற்றால் இங்கே ஒரு சண்டையும் வந்ததில்லை.

அன்று வண்டி தெருமுனை திரும்பினதும் நைனா என்னிடம், "ரயில் ஏறினதும் மனசு மாறினாலும் மாறுவாரு. தை கழியற வரைக்கும் நம்பாத," என்றார். நானும் நம்பவில்லை. ஐப்பசி, கார்த்திகை என்று ஒவ்வொரு மாசமும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். தை வந்தது. பொங்கலுக்கு அரக்கோணத்திலிருந்து கரும்பு மட்டும் வந்தது. அதையும் நைனா தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார்.

அது பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அம்மா காகிதத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நைனா கடைக்குக் கிளம்பும்போது, "நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குதில்ல?" என்றார். "ஆங்," என்றேன். "அப்ப இங்க இன்னா நின்னுகினு இருக்க? போய்ப் படி." நான் உள்ளே போய்ப் பூகோளப் புத்தகத்தை எடுத்தேன். தென்னமெரிக்காவின் ஆறுகள். தெலுங்கில். அந்த வருஷத்துப் பாடப் புத்தகங்களிலேயே எனக்குப் பிடிக்காதது அதுதான். நின்றுகொண்டு படித்தேன், உரக்கப் படித்தேன், வெல்ல டப்பாப் பக்கம் போகவில்லை. முடித்தாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கடைசி ஆறு கடலில் விழுகிறவரைக்கும் படித்து முடித்தேன்.

இப்படிக்கு,
எதையும் தட்டிப் பார்க்கிற உன் அம்மா